நெல் நாட்டில் ஒரு பழத்தோட்டம்

காவிரி டெல்டாவில் பழத்தோட்டம் என்பது நெல் விட்டுக்கொடுத்த இடம். வயலில் தண்ணீர் நின்றால் நெல் தாங்கும். வாழை சில நாளில் மஞ்சளடித்துவிடும், பலா வேரழுகிச் சாகும். ஆகவே தஞ்சாவூர் வட்டாரத்தில் பழமரங்கள் பெரிய அளவில் நிற்பது இரண்டு இடங்களில்தான். ஒன்று, காவிரி, குடமுருட்டி, கொள்ளிடக் கரைகளை ஒட்டிய படுகை. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும் கலந்த மண் அது. மழை விட்டதும் தண்ணீர் இறங்கிவிடும். மற்றொன்று, தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேடு. வீட்டுக் கொல்லையில் நாலு மா, ஒரு பலா, எலுமிச்சை என்று எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அது குடும்பத்துக்கும் குரங்குக்கும் போக மிஞ்சாது.

படுகையில் இயற்கை முறையில் பழத்தோட்டம் நடத்தும் நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர் தஞ்சாவூரில் திருவையாறு பஸ் ஏற வேண்டும். சுமார் 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைப் பஸ் தாண்டும். சித்திரையில் போனால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். திறக்கிற நாள் தள்ளிப்போன ஆண்டுகளும் நிறைய. கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்பதால் திருவையாற்றில் இறங்கியதும் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா வாங்கிக்கொள்வது நல்லது. பழத்தோட்டத்துக்குப் பழம் வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டெல்டாவில் நெல்லை இயற்கை முறைக்குக் கொண்டுவருவதைவிட வாழையைக் கொண்டுவருவது எளிது. காரணம் தண்ணீர் வரும் வழி. நஞ்சையில் பெரும்பாலும் வயலுக்கு வயல் பாய்ச்சல். மேல்வயல்காரர் போட்ட யூரியாவில் ஒரு பங்கு கீழ்வயலுக்கு இலவசமாக வந்து சேரும். படுகையில் பில்டர் பாயிண்ட் குழாய்க்கிணறு இறக்கினால் அதிக ஆழம் போகாமலே தண்ணீர் கிடைக்கிறது. பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வரவே வேண்டியதில்லை. காற்றில் வரும் பூச்சிமருந்தைத் தடுக்க வேலியோரம் கிளைரிசீடியா, கல்யாண முருங்கை என்று அடர்த்தியாக வைப்பார்கள். அதையே கழித்து மரத்தடியில் போட்டால் தழையுரம்.

இயற்கை விளைச்சல் என்று சான்று வாங்குவது அவ்வளவு எளிதல்ல. நெல் போன்ற பயிர்களுக்கு மாறுகாலம் 2 ஆண்டு, மா, பலா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. அந்த நாட்களில் விளைச்சல் குறையும், விலையும் ஏறாது. வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் வந்தால்தான் குடும்பம் தாங்கும். பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்பு உத்தரவாத முறையில் செலவு குறைவு. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அதன் விதி. அதனால் விருந்தாளியோடு சான்றுக் குழுக்காரர்களும் சேர்ந்து வரப்பில் நடக்கிற நாள் உண்டு.

இந்தப் பக்கத்து இயற்கை விவசாயிகளில் பலரை இந்த வழிக்கு இழுத்தவர் கோ. நம்மாழ்வார். 1938-ல் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை உதறியவர். நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெல்டாவில் ஊர் ஊராகப் பேசிவந்த சமயத்தில், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். வெண்தாடியோடு அவர் படம் மாட்டிய கூடங்கள் இந்தப் பக்கம் நிறைய.

தோட்டத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் மண்ணின் வித்தியாசம் காலுக்குத் தெரியும். தார் வெட்டிய வாழை மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அங்கேயே போட்டிருப்பார்கள். சருகை விலக்கினால் அடியில் ஈரம், குருணை குருணையாக மண்புழு எச்சம். கொட்டகை நிழலில் ஜீவாமிர்த டிரம்: 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். தினம் கலக்கிவிட்டு இரண்டு நாள் கழித்து ஓர் ஏக்கருக்குப் பாசனத் தண்ணீரோடு விடுவார்கள். இது சுபாஷ் பாலேக்கர் பரப்பியது. பக்கத்துப் பானையில் இருக்கும் பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பியது. வாசனையைப் பற்றி விருந்தாளி கருத்துச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

வாழை ரகங்களில் பூவன் சமாளிக்கும். ரஸ்தாளியின் ருசிக்கு ஈடில்லை, ஆனால் வாடல் நோய் அதைத்தான் முதலில் பிடிக்கும். கற்பூரவல்லி வெட்டுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும், தண்ணீர்க் குறைவைத் தாங்கும். வாடல் நோய் வந்த மண்ணுக்கு மருந்துக்கடையில் தீர்வு கிடையாது. அங்கே வாழையை நிறுத்திவிட்டு நெல் வைத்துத் தண்ணீர் கட்டுவதுதான் வழி, கிருமி குறையும். நெல் ஒதுக்கிய பயிருக்குக் கடைசியில் நெல்லே வைத்தியம் பார்க்கிறது.

தெற்கே செம்மண் மேட்டில் கதை வேறு. 1934-ல் கல்லணைக் கால்வாய் திறந்த பிறகு அந்தப் பக்கம் ஆற்றுத்தண்ணீர் போயிற்று, தென்னை பெருகியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னையைச் சாய்த்தது. மாவும் பலாவும் தப்பவில்லை. இப்போது தென்னங்கன்றுக்கு ஊடே வாழை, கொய்யா, எலுமிச்சை என்று கலந்து வைக்கும் தோட்டங்களைப் பார்க்கலாம். புயல் மறுபடி வந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடாது என்ற கணக்கு அது.

வாழைக்கு எந்த மாதமும் பழம் உண்டு. மாவும் பலாவும் வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் வெயிலைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி சேற்றில் சிக்கும், வீட்டாருக்கும் வடிகால் வெட்டவே நேரம் சரியாக இருக்கும்.

தோட்டத்து வீட்டில் விருந்தாளியை வேலை வாங்குவதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். வாழையில் பக்கக் கன்று வெட்டுவதைவிட மாங்காய் அடுக்குவது புதியவருக்கு ஏற்ற வேலை. காம்போடு பறித்த காயைக் காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விட வேண்டும். பால் தோலில் பட்டால் கருத்துத் தழும்பு விழும். பிறகு வைக்கோல் பரப்பி ஒரு அடுக்குக் காய், மேலே மீண்டும் வைக்கோல். நாலைந்து நாளில் அறை மணக்கும். கார்பைடு கல் வைப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. சந்தையில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மத்தியானச் சாப்பாட்டில் வாழைப்பூ வடை, தண்டுப் பொரியல், பலாக்கொட்டை போட்ட குழம்பு எல்லாம் தோட்டத்துச் சரக்கு. புறப்படும்போது வண்டியில் ஒரு தார் ஏறும், காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வியாபாரி தாரின் எடையையும் சீப்பையும்தான் பார்ப்பார். இயற்கைப் பழத்துக்கு மண்டியில் பெரும்பாலும் தனி விலை இல்லை. நேரடியாக வாங்கும் குடும்பங்களை நம்பித்தான் தோட்டம் நடக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் தெருவில் நாலைந்து வீடுகளைச் சேர்த்து ஆர்டர் போட்டால், நன்றாக விளைந்த காயாகப் பார்த்து வெட்டிப் பார்சலில் அனுப்புவார்கள். அந்தப் பணத்தை மட்டும் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்.