வாப்பா தேடிய பட்டன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் தரம் 10 பிள்ளை ஒருவர், மணி அடித்த பிறகும் போகாமல் மேசைப் பக்கம் வந்து நின்றார். "சேர், ஸலாஹுத்தீனும் ரிச்சர்டும் பிடிச்ச சண்டையில கடைசியா வெண்டது யாரு?" போனில் ஏதோ கேம் விளையாடி வந்த கேள்வி என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஏனென்றால் அதே முகத்தோடு நாங்களும் ஒரு காலத்தில் இருந்தோம்.

நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. 2007 மே மாதம் வந்தபோது, கூட இருந்த ஒருவரிடம் பாவித்த விலைக்கு வாங்கிய நின்டெண்டோ டி.எஸ். ஒன்றைக் கொண்டு வந்தார். இரண்டு திரை, ஒரு சின்னக் குச்சி. அதோடு ஒரேயொரு கேம்: ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ், த ஏஜ் ஒஃப் கிங்ஸ்.

1999இல் கம்பியூட்டருக்கு வந்த அதே பெயர் கேமில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். 2006இல் கைக்கருவிக்கு வந்த இது அப்படியில்லை. சதுரங்கம் மாதிரி, நிலமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். நம்முடைய ஆட்களை நகர்த்தி, வயலும் சுரங்கமும் போட்டு, முறையை முடித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு எதிரி நகர்த்துவான். ஈட்டிக்காரன் குதிரையை மறிப்பான், குதிரை வில்காரனை மிதிக்கும். அவசரப்பட்டு ஓர் ஆளை முன்னுக்கு விட்டால் அடுத்த முறையில் அவன் இருக்கமாட்டான்.

கருவி ஒன்று, கை ஆறு. ஆளுக்கொரு முறை என்று கைமாற்றிக்கொண்டோம். "என்ட டேர்ன்டா, தா" என்ற சத்தம்தான் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில்.

ஐந்து பேருடைய கதைகள் அதில் இருந்தன. பிரான்சின் ஜோன் ஒஃப் ஆர்க், மொங்கோலியரின் ஜெங்கிஸ் கான், ஜப்பானின் யொஷிட்சுனே, இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், பிறகு எங்கட ஸலாஹுத்தீன் அய்யூபி. ஸலாஹுத்தீனின் கதைக்கு மூன்று பேரும் அடிபட்டோம். ரிச்சர்டின் கதையை யாரும் தொடவில்லை. நடு ஆள் மட்டும், "கேம்தானேடா" என்று ஒரு நாள் அதைத் திறந்துவிட்டான். நாங்கள் மற்ற இரண்டு பேரும் அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. முஸ்லிம் படையை அடிக்கிற பக்கம் போய்விட்டானாம். எங்களுக்கு அது அவ்வளவு பெரிய துரோகம்.

அந்த நாட்களில் இஷாவுக்குப் பிறகு யாரும் வெளியே போவதில்லை. படுவான்கரைப் பக்கம் செல் விழுகிற சத்தத்துக்கு யன்னல் கண்ணாடி நடுங்கும். இடம்பெயர்ந்து வந்த சனம் பாடசாலைகளில் தங்கியிருந்தது. 2002இல் கைச்சாத்தான யுத்தநிறுத்த உடன்படிக்கை காகிதத்தில் மட்டும் இருந்தது. வெளியே அந்தச் சத்தம் கேட்க, உள்ளே பாயில் படுத்துக்கொண்டு நாங்கள் கோட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். அதில் ஏதும் பிழை இருப்பதாக எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஒரு ராத்திரி வாப்பா எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு டேர்ன் தாங்க மகன்." குச்சியைப் பிடிக்கவே அவருக்குச் சரிவரவில்லை. திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல சமாதானம் பேசுற பட்டன் எங்க இரிக்கி?"

நாங்கள் சிரித்தோம். "அப்பிடி ஒண்டும் இல்ல வாப்பா. இது சண்ட கேம்."

"அப்ப இது எப்பிடி முடியும்?"

"ஒரு பக்கம் முழுசா அழியணும் வாப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆளையும் நகர்த்தாமல் கருவியைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பிப் போனார். அவருடைய முறை வீணாகிப் போனதே என்றுதான் எங்களுக்கு ஆத்திரம். அடுத்த மாதம் கட்டாருக்குத் திரும்பிவிட்டார். 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கை கடைசியாக முடிந்துபோன செய்தியை வானொலியில் கேட்டபோது, வாப்பா ஓர் ஆளையும் நகர்த்தாமல் எழும்பிப் போனது எங்களுக்கு ஞாபகம் வந்தது.

எங்களில் கடைசி ஆள் பிறகு வரலாறு படித்து ஆசிரியரானான். இதை எழுதுகிற கை அவனுடையது. கேமில் இல்லாத மிச்சக் கதையை அப்படித்தான் அறிந்துகொண்டோம்.

1187இல் ஹித்தீனில் ஸலாஹுத்தீன் வென்றார். அதே வருடம் ஒக்டோபரில் பைத்துல் முகத்தஸ் அவரிடம் வந்தது. 1191இல் ரிச்சர்ட் வந்து அக்கா என்ற துறைமுகப் பட்டணத்தைப் பிடித்தார். இரண்டு பக்கத்துக் கையிலும் இரத்தம் இருந்தது. ஹித்தீனில் பிடிபட்ட தெம்ப்லர் வீரர்களைக் கொல்லச் சொன்னவர் ஸலாஹுத்தீன். அக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் கொல்லச் சொன்னவர் ரிச்சர்ட். அர்சூபில் ரிச்சர்ட் வென்றார். ஆனால் பைத்துல் முகத்தஸுக்குப் பக்கம் வரை இரண்டு தடவை வந்தும் திரும்பிப் போனார். கடைசியில் இரண்டு படைகளும் களைத்துவிட்டன. ரிச்சர்டுக்கு நோய். ஊரில் அவருடைய தம்பி ஆட்சிக்குக் குழப்பம் விளைவித்துக்கொண்டிருந்தான்.

1192 செப்டெம்பரில் உடன்படிக்கை எழுதினார்கள். மூன்று வருடமும் எட்டு மாதமும் சண்டை இல்லை. கரையோரப் பட்டணங்கள் அவர்களுக்கு, பைத்துல் முகத்தஸ் இவர்களுக்கு. ஆயுதம் இல்லாமல் வருகிற கிறிஸ்தவ யாத்திரிகர் யாரும் உள்ளே வந்து போகலாம். அந்த நகரத்தைப் பிடிக்கவென்று கடல் தாண்டி வந்த சிப்பாய்களில் பலர், வாளை வைத்துவிட்டு யாத்திரிகராக உள்ளே போய் வணங்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். ரிச்சர்ட் மட்டும் போகவில்லை. அவரும் ஸலாஹுத்தீனும் ஒருவரையொருவர் கடைசி வரை நேரில் கண்டதேயில்லை.

ஆறு மாதத்தில், 1193 மார்ச்சில், ஸலாஹுத்தீன் திமிஷ்கில் வபாத்தானார். அவரோடு கூட இருந்த இப்னு ஷத்தாத் எழுதியபடி, அவரிடம் மிஞ்சியிருந்தது 47 திர்ஹமும் ஒரு பொற்காசும்தான்.

நல்ல மனது வந்து எழுதிய உடன்படிக்கை என்று இதைச் சொல்லமாட்டோம். இனி முடியாது என்ற நிலையில் எழுதியதுதான். ஆனாலும் எழுதினார்கள். நாங்கள் அந்த கேமில் எவ்வளவு தேடியும் கிடைக்காத நகர்வு அது.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னோம். அவருக்குத் திருப்தியில்லை. "அப்ப ஆரும் வெல்லல்லயா சேர்?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பரவாயில்லை. எங்களுக்கும் உடனே விளங்கவில்லையே.

வாப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கட்டாரில் இருக்கும் நடு ஆளையும் வீடியோ கோலில் எடுத்து, இந்தக் கதையை அவருக்குச் சொன்னோம். அவன் அங்கிருந்தே, "நான் அண்டைக்கே ரிச்சர்டோட சமாதானமாத்தான் இருந்தன், நீங்கதான் என்னோட கதைக்கல்ல" என்றான். வாப்பா சிரிக்கவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்:

"எழுதினத்த காப்பாத்தினாங்களா மகன்?"

ஸலாஹுத்தீன் மௌத்தான பிறகும் அந்தக் காலக்கெடு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது என்றோம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி என்று இல்லாமல், நேற்று வந்த செய்தி மாதிரி.