தீக்கும் நாடி உண்டு
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மண்ணைப் பிசைவது கை. உருவம் தருவது சக்கரம். ஆனால் அதைப் பாண்டமாக்குவது தீ ஒன்றே. வேகாத பானை ஒரு மழைக்குத் தாங்காது. விறகுச் சூளையில் புகையின் நிறத்தையும் தணலின் நிறத்தையும் பார்த்தே பதம் சொல்லிவிடுவார் என் தந்தை. மின்சூளையிலோ புகையும் இல்லை, சுடரும் இல்லை. அதற்கு நோய் வந்தால் நாடி பார்க்க வேறு வழி வேண்டும். அந்த வழியை எனக்குக் காட்டியது நாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான் என்றால் நண்பர்கள் வியக்கக்கூடும்.

விருத்தாசலத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற அந்நகரில் வேலை பழகிய என் அக்கா, 2021-ஆம் ஆண்டு வங்கிக் கடன் பெற்றுப் பழைய மின்சூளை ஒன்றை வாங்கினாள். “பானை வனையிறவங்களுக்குக் கரண்டு எதுக்கும்மா?” என்றார் அப்பா. ஆயினும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரும் அவரே.

2023-ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு அறுநூறு மெருகிட்ட அகல்விளக்குகள் கேட்டு, ஒரு கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். தீபத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் சூளை 910 டிகிரியோடு நின்றுவிட்டது. அந்த மெருகு உருகிப் பளபளக்க 1060 டிகிரி வேண்டும். வெளியே எடுத்த விளக்குகள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் சொரசொரவென்று இருந்தன. பழுது பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்று சொல்லிப் போய்விட்டார். “வித்துடலாம் தம்பி. நான் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்” என்றாள் அக்கா. அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். முதற் கேள்வி: குறைவது வெப்பமா, அல்லது வெப்பமானி பொய் சொல்கிறதா? சூளைக்குள் வைத்த மண்கூம்பு இதற்குச் சாட்சி. 1886-ஆம் ஆண்டு ஜெர்மனியில் செகர் என்ற வேதியியலார் வகுத்த முறை இது. உரிய வெப்பம் ஏறினால் கூம்பு தலை சாயும். எங்கள் கூம்போ நிமிர்ந்தே நின்றது. ஆகவே குறைவது வெப்பமே.

அடுத்து, மின்சாரம் வருகிறதா? சோதனை விளக்கை வைத்துப் பார்த்ததில் காண்டாக்டரைத் தாண்டி மூன்று பேஸிலும் மின்சாரம் இருந்தது. எனவே கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குறை சொல்ல இடமில்லை. பிறகு மெயினை அணைத்து, ப்யூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று காயில்களின் மின்தடையையும் அளந்தேன். புதிதில் ஒவ்வொன்றும் 24 ஓம் என்று சூளையின் தகட்டில் பொறித்திருந்தது. இரண்டு காயில்கள் 26.5 ஓம் காட்டின. மூன்றாவதில் மீட்டர் அசையவே இல்லை.

பின்மூடியைக் கழற்றியதும் உண்மை வெளிப்பட்டது. காயில் அறுபடவில்லை, அதன் முனையைச் செம்புக் கம்பியோடு சேர்க்கும் பித்தளை இணைப்பு கரியாகியிருந்தது. திருகு தளர்ந்தால் அங்கே தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் துரு, துருவால் மேலும் தடை. கடைசியில் இணைப்பே எரிந்துபோகும்.

கணக்கும் ஒத்துவந்தது. மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தது அல்லவா? 230 வோல்ட்டில் 24 ஓம் காயில் 2200 வாட் தரும். மூன்றும் சேர்ந்தால் 6600. வயதேறிய இரண்டு காயில்கள் மட்டும் தருவது சுமார் 4000. மாலையில் மின்னழுத்தம் 200-க்கு இறங்கினால் 3000 வாட்தான்! பாதித் தீயில் முழுச் சோறு வேகுமா?

கருகிய நுனிகளை வெட்டி, புதிய இணைப்பு போட்டு இறுக்கினேன். செலவு நாற்பது ரூபாய். ஒருமுறை சூடேறிய காயில் கண்ணாடிபோல் ஒடியும் என்பதால் அதை வளைக்காமலே வேலையை முடித்தேன். இரவு பத்து மணிக்கு மேல், மின்னழுத்தம் சீரான பிறகு சூளையை ஏற்றினோம். விடியற்காலையில் கூம்பு தலை சாய்ந்தது. சூளை ஆறிய பின் அப்பா ஒரு விளக்கை எடுத்து விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். “வெந்திருக்கு” என்றார். அதற்கு மேல் பாராட்ட அவருக்குத் தெரியாது. சொரசொரத்தவற்றையும் மீண்டும் சுட்டு, தீபத்துக்கு இரண்டு நாள் முன்னரே அறுநூறையும் ஒப்படைத்தோம்.

அன்றுமுதல் அக்கா ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். இருபது சுடலுக்கு ஒருமுறை காயில் தடை அளக்கப்படுகிறது, திருகுகள் இறுக்கப்படுகின்றன. பள்ளங்களில் விழுந்த தூசியை உறிஞ்சி எடுக்கிறோம். மெருகுத் துளி காயிலில் பட்டால் அதை அரித்துவிடும். தட்டுகளுக்கு அலுமினாவும் வெண்களிமண்ணும் கலந்து பூசுகிறோம். ஈரம் போகும்வரை நூறு டிகிரிக்குள்ளேயே சூட்டைப் பொறுமையாக வைக்கிறோம்; உள்ளே நீராவி சிக்கினால் பாண்டம் வெடிக்கும்.

காயில்கள் கிழமாகிவிட்டன என்பதை 26.5 என்ற எண் சொல்லியிருந்தது. 2024 பொங்கல் விற்பனைப் பணத்தில் மூன்றையும் புதிதாக மாற்றினோம். வங்கித் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் அக்கா திருப்பூருக்குப் போகவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு சூளையைக் காத்தது. நண்பர்களே, கெட்டுப்போனது என்று ஒரு பொருளைத் தள்ளுமுன், எது கெட்டது என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.