போர்க்கோபம் தணிந்த மலை... எதிரே ஓர் உலகப்போர் விமானதளம்!

'செரு' என்றால் போர். சூரனோடும், வள்ளிக்காக வேடர்களோடும் போரிட்ட முருகன், கோபம் தணிந்து அமர்ந்ததால் இந்த ஊர் 'செருத்தணி' ஆகி, பிறகு திருத்தணி ஆனது என்பார்கள். ஐந்தாம் படைவீடான இங்கே 365 படிகள் ஏறி தரிசனம் முடித்ததும், கொஞ்சம் தெற்கே பாருங்கள். அரக்கோணம் இருக்கும் திசை அது.

வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் விமானங்கள் கண்ணில் படலாம். அங்கேதான் இருக்கிறது ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம். 1992-ல் கடற்படை இதைத் தொடங்கியது. ஆனால், ஓடுதளத்தின் கதை இரண்டாம் உலகப்போரிலேயே ஆரம்பித்துவிட்டது.

1942 ஏப்ரல் 5. ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் 5 விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து கொழும்பைத் தாக்கின. மறுநாள், இன்னொரு ஜப்பானிய அணி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியது. 9-ம் தேதி திரிகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே அறிவிக்க, மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் உள்ளூர்களுக்கு ரயில் ஏறின. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்தால் தப்பி ஓடிவிடும் என்று பயந்து சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் கப்பல்கள் என்ன ஆயின? ஜூன் 4-ல், பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அமெரிக்க விமானங்கள் அவற்றை மடக்கின. கொழும்புக்கு வந்த ஐந்தில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும், கூடவே காகாவும் மூழ்கின. அதன்பின் அவ்வளவு பெரிய ஜப்பானிய விமானந்தாங்கி அணி வங்கக்கடல் பக்கம் வரவே இல்லை. எங்கோ ஒரு குட்டித் தீவில் நடந்த சண்டை, சென்னைவாசிகளின் நிம்மதியையும் தீர்மானித்திருக்கிறது!

இன்று ராஜாளியிலிருந்து வங்கக்கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அமெரிக்காவின் போயிங் தயாரிப்பு. 2017 ஜூலையில் நடந்த மலபார் கூட்டுப்பயிற்சிக்கு அமெரிக்க, ஜப்பானியப் போர்க்கப்பல்கள் சேர்ந்தே சென்னைக்கு வந்தன. அன்று மிட்வேயில் மோதிய அதே நாடுகள்! செரு தணிவது சாமிக்கு மட்டுமல்ல, நாடுகளுக்கும் சாத்தியம்தான்.

எப்படிப் போவது?: சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக மின்சார ரயில்கள் இருக்கின்றன. படி ஏற முடியாதவர்களுக்கு மலைமேல் வரை வாகனப் பாதை உண்டு. ராஜாளி தளத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மலையிலிருந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி!