அஞ்சல்தலை இருந்த இடம்

ஜூலை 6, சனி, நாகர்கோவில்
இன்று பாட்டாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபால்துறையான அஞ்சலில் வந்த பழைய உறைகள். சாரல் ஈரத்தில் பசை விட்டு, இரண்டு அஞ்சல்தலைகள் பெட்டிக்குள் அடியில் கிடந்தன. இரண்டும் 1939இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வெளியான வரிசை. ஒன்று அஷ்டமுடிக் காயல், சமஸ்தானக் காசில் 1 சக்கரம், மஞ்சள் கலந்த பச்சை. இன்னொன்று கன்னியாகுமரி, 7 சக்கரம், வெளிர்நீலம். அதே வரிசையில் 14 சக்கரத் தலை நம் பேச்சிப்பாறை அணை. 1888இல் சங்குத் தலையோடு தொடங்கிய அஞ்சல்தலைகளின் கதை, 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்ததும் முடிந்தது. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது.

ஜூலை 7, ஞாயிறு
"மாமா, ஃபெவிகால் வச்சு ஒட்டிரலாமே?" என்றான் மருமகன். வேண்டாம் மக்கா என்றேன். அது காய்ந்தபின் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. செல்லோடேப்பின் பசை தாளில் ஊறி மஞ்சள் கறையாகும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; அதிலுள்ள செம்பு தாளை அரிக்கும். நாளை ஒருவர் பிரிக்க நினைத்தால் பிரிய வேண்டும். பசைக்கு அதுதான் முதல் இலக்கணம்.

ஜூலை 10, புதன்
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓர் உறையில் தலை இருந்த சதுரம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறது; அதன் ஓரத்தில் தபால் முத்திரையின் பாதி வட்டம். அஷ்டமுடித் தலையை இடுக்கியால் எடுத்து அங்கே வைத்தேன். தலையிலிருந்த வளைவு உறையிலிருந்த வளைவோடு கோடு பிசகாமல் சேர்ந்தது. உள்ளே கடிதத்தில் கொல்லம் ஆண்டு 1115 தை என்றிருக்கிறது, அதாவது 1940. எல்லாம் பொருந்துகிறது. கன்னியாகுமரித் தலையின் முத்திரையோ எந்த உறையோடும் சேரவில்லை.

ஜூலை 13, சனி
மழை வெறித்த மதியம் வேலையை முடித்தேன். தபால்தலை சேகரிப்போர் ஹிஞ்ச் என்று சொல்லும் பசை தடவிய மெல்லிய கண்ணாடித்தாள்தான் கையில். மடித்து, சிறிய பக்கத்தைத் தலையின் பின்புறம் மேல்விளிம்பிலும், பெரிய பக்கத்தை உறையிலும் ஒட்டினேன். பசைக்கு லேசான ஈரம் போதும். சில பழைய மைகள் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மேலே மையொற்றும் தாள் வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றினேன்.

ஜூலை 14, ஞாயிறு
நன்றாகப் பிடித்திருக்கிறது. 'கழன்ற தலை, மீண்டும் பொருத்தியது' என்று துண்டுத்தாளில் பென்சிலால் தேதியோடு எழுதி, உறையோடு பாலியஸ்டர் கவரில் போட்டேன். பி.வி.சி. கவர் ஆகாது; அது மையையும் தாளையும் கெடுக்கும். ஏழு சக்கரத் தலையைத் தனிக் கவரில் வைத்தேன். வெற்றிடம் உள்ள உறை இன்னொன்று இருக்கிறது. அதில் ஒட்டினால் பார்க்க அழகாயிருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். எந்தத் தலை எந்த உறைக்குரியது என்பதை முத்திரைதான் சொல்ல வேண்டும். அது சொல்லாத இடத்தில் நம் கை ஒட்டக்கூடாது.