யார் சொல்லி வந்தீங்க?

தமிழ்நாட்டில் பிரம்மதேசம் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தால், ஒரு கை விரல்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒன்று. செய்யாறு பக்கத்தில் ஒன்று. அந்தியூர் பக்கத்தில் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் இரண்டு! எண்ணாயிரம் அருகே ஒன்று, மரக்காணம் ரோட்டில் ஒன்று. ராஜாக்கள் அந்தணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊருக்கு 'பிரம்மதேயம்' என்று பெயர். கொடுத்த கை சளைக்காமல் கொடுத்திருக்கிறது. பெயர் வைத்த வாய்தான் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டியிருக்கிறது.

செல்போனில் 'பிரம்மதேசம்' என்று தட்டி, அது காட்டும் முதல் ஊருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினால், உப்பளம் பார்க்கப் போன ஆசாமி நெல்லைச் சீமையில் நின்று திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். அதற்குப் பதில் விஷயம் தெரிந்த ஒருத்தர், "திண்டிவனத்துல மரக்காணம் பஸ் ஏறுங்க. பாதி வழியில வரும். அதான் நீங்க தேடற பிரம்மதேசம்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மெஷின் ஆயிரம் விலாசம் காட்டும். மனுஷன் ஒன்றே ஒன்று சொல்வான். ஆனால் அது சரியான விலாசமாக இருக்கும்.

இந்த 'ஒன்றே ஒன்று சொல்கிற' கலையைப் பற்றி எழுத, இந்த ரோட்டை விட்டால் வேறு ரோடு கிடையாது. ஏனென்றால் ஸார், இது சாதாரண ரோடு இல்லை. ஒரு பாட்டுக்குள் இருக்கிற ரோடு!

பத்துப்பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். (இரண்டு மார்க் கேள்வி. பத்தின் பெயரும் கேட்டால் ஐந்து மார்க்.) உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடி அலைந்து 1889-ல் அச்சில் கொண்டு வந்தார். அந்தப் பத்தில் ஐந்து பாட்டு 'ஆற்றுப்படை' வகை. ஆறு என்றால் வழி. படை என்றால் செலுத்துவது. பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற ஒருத்தன், பட்டினியோடு எதிரே வருகிறவனை நிறுத்தி, "அப்பா, நான் இன்னாரிடம் போனேன், இன்னது கிடைத்தது, நீயும் போ, இப்படிப் போ" என்று சொல்வது. அவ்வளவுதான் சமாசாரம். தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. ஐந்தில் ஒன்று திருமுருகாற்றுப்படை. அதில் முருகப்பெருமானுக்கே விலாசம் சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்த ஐந்தில் சிறுபாணாற்றுப்படை, நம்ம ஏரியா. எழுதியவர் நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாட்டுக்காரர். இடைக்கழிநாடு எங்கேயோ இல்லை. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில். அதுவும் எங்கேயோ இல்லை. திண்டிவனத்தில் கிடங்கல் என்று கேட்டால் காட்டுவார்கள். ஆக மொத்தம் லோக்கல் கவிஞர், லோக்கல் வள்ளல், லோக்கல் ரூட்!

ரூட்டைக் கேளுங்கள். முதலில் கடற்கரையோரம் ஒரு பட்டினம். பெயரை நேராகச் சொல்லாமல், மதிலின் பெயரோடு சேர்ந்த பட்டினம் என்று விடுகதை போடுகிறார் கவிஞர். மதிலுக்கு எயில் என்று இன்னொரு பெயர். ஆகவே எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவன் 'பெரிப்ளஸ்' என்று துறைமுகங்களின் கையேடு எழுதினான். அதில் இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்கள் வரிசையாக வருகின்றன. அந்த சோபட்மாவும் மரக்காணமாக இருக்கலாம் என்பார்கள். கடல் வழியாக வருகிறவனுக்கு ஒரு லிஸ்ட், தரை வழியாக வருகிறவனுக்கு ஒரு லிஸ்ட். இரண்டிலும் இடம் பிடித்த ஊர் இன்றைக்கு, பாண்டிச்சேரிக்கு காரில் பறக்கிறவர்கள் ஜன்னல் கண்ணாடியைக்கூட இறக்காமல் தாண்டிப்போகிற ஊர்!

பட்டினத்துக்குப் பிறகு வேலூர். கோட்டை இருக்கிற வேலூர் இல்லை; இங்கே பக்கத்திலுள்ள உப்புவேலூர் என்று சொல்வார்கள். அப்புறம் ஆமூர். அப்புறம் கிடங்கில்.

வழி மட்டும் சொன்னால் போதுமா? சாப்பாடு? நத்தத்தனார் அதை மறக்கவில்லை. பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண்கள், அலை ஒதுக்கிய அகில் கட்டையில் காய்ச்சிய தேறலும், சுட்ட கருவாடும் தருவார்கள். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளி போட்ட சுடுசோறும் ஆமான் கறியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைவெளேரென்ற சோறும் நண்டுக் கலவையும். கடற்கரையில் மீன், காட்டில் கறி, வயலில் நண்டு! இன்றைக்குக் கையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மெஸ் மெஸ்ஸாக ஏறி இறங்குகிற தம்பிகள் எல்லாம் இவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஆனால் இந்த விருந்துக்கெல்லாம் முன்னால், பாட்டில் ஒரு வீடு வருகிறது. வழி சொல்கிறானே பாணன், அவனுடைய பழைய வீடு. கூரை சரிந்த அடுக்களை. கண் திறக்காத குட்டி பால் கேட்டு முட்ட, பால் இல்லாத தாய் நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. பசியால் இளைத்த மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். உப்பு இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உறவோடு சேர்ந்து அதைச் சாப்பிடுகிறார்கள்.

உப்பு இல்லாமல்! மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று யோசித்தால் இந்த ஒரு வார்த்தை நெஞ்சில் குத்துகிறது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை பாத்தி. பாத்தி ஓரமெல்லாம் குவியல். வெயில் ஏறினால் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அந்தக் கரையைப் பாடிய பாட்டில், ஒருத்தன் வீட்டுக் கீரைக்கு ஒரு சிட்டிகை உப்பு இல்லை. பொருள் ஊரில் இருப்பது வேறு, நம் வீட்டுக்கு வந்து சேருவது வேறு. பி.காம். படித்த எனக்கு இதை டிஸ்ட்ரிபியூஷன் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். நத்தத்தனார் ஒரே அடியில் முடித்துவிட்டார்.

அந்த வீட்டிலிருந்து புறப்பட்டவன்தான் நல்லியக்கோடனிடம் போய், யானையும் தேருமாகத் திரும்பி வருகிறான். வழியில் அதே மாதிரி இன்னொரு பாணனைப் பார்க்கிறான். அதே தொழில். அதே சீறியாழ். சுத்தமான போட்டியாளன்!

நீங்களும் நானும் என்ன செய்வோம்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். "எங்கேப்பா கிடைச்சுது இவ்வளவும்?" என்று கேட்டால், "அட, ஏதோ தெரிஞ்சவர் மூலமா..." என்று இழுத்து, யானையைத் திருப்பிக்கொண்டு போயிருப்போம். பக்கத்து ஸீட் நண்பன் வேறு கம்பெனிக்கு மனு போடுகிறான் என்று தெரிந்தால், அங்கே ஆள் எடுக்கும் கடைசித் தேதியை அவன் காதில் போடாமலே ஒரு வாரத்தை ஓட்டுகிற ஜாதி நாம். நல்ல டாக்டர், நியாயமான வீட்டு ஓனர், சில்லறை ஏமாற்றாத கடை, லோனுக்கு இழுத்தடிக்காத அதிகாரி... எல்லாம் நம் சட்டைப் பையிலேயே பத்திரமாக இருக்கும்.

இந்தப் பாணன் அப்படிச் செய்யவில்லை. தன் வீட்டு அவமானத்தை முதலில் சொல்கிறான். எப்படி இருந்தேன் தெரியுமா என்று கதவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் விலாசம் தருகிறான். கணக்குப் பாஷையில் இதுதான் ஜாமீன். தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கிறான். அங்கே போனவன் வெறுங்கையோடு திரும்பினால் முதலில் கெடுவது வள்ளலின் பெயர் இல்லை, வழி சொன்னவன் பெயர்தான்.

தினமும் காலையில் நம் போனில் வந்து விழுகிற 'அவசியம் பாருங்கள்', 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' எல்லாம் இந்த இடத்தில்தான் தோற்றுப் போகிறது. அனுப்பினவர் பார்த்தாரா? ம்ஹூம். அவர் அங்கே போனதில்லை, சாப்பிட்டதில்லை, வாங்கினதில்லை. இன்னொருத்தர் தள்ளியதை இவர் தள்ளுகிறார். அது வெறும் தபால் வேலை.

பாட்டில் இன்னொரு லிஸ்ட் இருக்கிறது. அது ரொம்பப் பிரசித்தம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, காரி, ஆய், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதிகன், நள்ளி, ஓரி. கடையெழு வள்ளல்கள்! இந்த ஏழு பேரையும் நாம் ஒரே மூச்சில் ஒப்பிக்க முடிவதற்கு, நத்தத்தனார் போட்டு வைத்த இந்தப் பட்டியலும் பெரிய காரணம். அதற்கு முன்னால் மூவேந்தர்களின் வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் சொல்லி, 'இவன் தருகிற பரிசுக்கு முன்னால் இதெல்லாம் சின்னது' என்று ஓரமாக வைத்துவிடுகிறார். என்ன தைரியம் பாருங்கள்! பெரிய கம்பெனிப் பெயரையெல்லாம் அடித்துவிட்டு, திண்டிவனத்துக்காரனை மேலே எழுதுகிறார்.

சும்மாவும் எழுதவில்லை. அந்த வாசல் பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்காத வாசல் என்கிறார். உள்ளே போனால் நல்ல உடை கொடுத்து, பீமசேனன் எழுதிய சமையல் நூல் முறைப்படி சமைத்ததை, நல்லியக்கோடனே பக்கத்தில் நின்று பரிமாறுவானாம். கடைசியில் தேர், காளை, ஓட்டுவதற்கு ஆள்! அடைக்காத வாசல் எது என்பதை, கதவைச் சாத்திக்கொண்டு கீரை தின்ற வீட்டுக்காரன் சொல்கிறான். அவனுக்குத் தெரியாதா?

பட்டியல் எத்தனை நீளம் இருக்கலாம்? இதற்கு உப்பளத்தில் பதில் இருக்கிறது. உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய விடுகிறார்கள். கடல் தண்ணீர் நூறு லிட்டரில் உப்பெல்லாம் சேர்ந்தே சுமார் மூன்றரை கிலோதான். மற்றதெல்லாம் ஆவி. காயும்போது முதலில் சுண்ணாம்புச் சரக்கு அடியில் தங்கும். அதை முந்தின பாத்தியிலேயே விட்டுவிட வேண்டும். பிறகுதான் சமையல் உப்பு. அதோடு நிறுத்திக்கொண்டு மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆசைப்பட்டு அதையும் காய வைத்தால் மெக்னீசிய உப்பு சேர்ந்து சரக்கே கசந்துவிடும். எதை விடுவது, எங்கே நிறுத்துவது, இரண்டும் தெரிந்தவர்தான் உப்பளத்தில் கெட்டிக்காரர். நத்தத்தனார் ஏழில் நிறுத்திவிட்டு, எட்டாவதாக நல்லியக்கோடனைத் தனியாகத் தூக்கி வைத்தார்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் வெள்ளம். அப்போது இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்கிற கேள்வி, "எங்கேயாவது வேலை இருக்கா?" என்பதுதான். அதே மாசங்களில் பக்கத்திலுள்ள கழுவேலிக்குத் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2021-ல் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்த விலாசத்தை அந்தப் பறவைகளுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். முன்னால் வந்து போனது எதுவோ, அது கூட்டி வந்திருக்கும்.

பறவைக்கு விசா வேண்டாம். நம் பையனுக்கு வேண்டும். பிரம்மதேசத்திலிருந்தோ மரக்காணத்திலிருந்தோ ஒரு பையன் ஒற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். ஆபீஸ் வாசலிலும், மேன்ஷன் வாசலிலும் அவனிடம் கேட்கிற முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தே?" சர்டிபிகேட் எல்லாம் அப்புறம். அந்தக் கேள்விக்குச் சொல்ல அவனிடம் ஒரு பெயர் இருந்தால் நாற்காலி கிடைக்கும். இல்லாவிட்டால், "நாளைக்கு வாப்பா!"

ஆகவே வாசக நண்பரே, ஆபீஸில் ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே போய், நீங்களே சாப்பிட்டு, நீங்களே பலன் அடைந்த இடங்களாகப் பார்த்து ஏழு எழுதுங்கள். டாக்டர், மெஸ், மெக்கானிக், நூலகம், நியாயமான வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்திருக்கிறானே ஒரு பையன், மூலை ஸீட்டில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பானே, அவன் கையில் கொடுங்கள்.

"நான் சொன்னேன்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுங்கள். செலவு ஒன்றும் இல்லை. உங்கள் பெயர்தான்.