விழிக்க மறுத்த கணினி

கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். சில நொடிகளில் திரை ஒளிர்கிறது. அந்த நொடிகளில் நடப்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. செயலி சரியா, நினைவகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. பிறகு இயங்குதளம் எந்த வட்டில் உள்ளது எனத் தேடி, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய என் அப்பா சொல்லும் பெரட்டுதான் ஞாபகத்துக்கு வரும். விடியுமுன் கிராணி பெயர் வாசித்து, வந்தவர் வராதவர் பார்த்த பிறகே ஆட்கள் நிரைக்குப் போவார்களாம்.

இந்த வரிசை ஓரிடத்தில் அறுந்தால் கணினி எழாது. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஏர்ஆசியா ஊழியர்கள் பயணிகளைக் கணினியின்றிப் பதிவு செய்ய நேர்ந்தது. புதுப்பிப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், எழுந்திருக்கும்போதே விழுந்துவிடும் கணினி திருத்தத்தை எப்படிப் பெறும்? பலவற்றின் முன்னும் ஒருவர் அமர்ந்து, அந்தப் பிழையான கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று.

நான் ஈப்போவில் கணினி பழுதுபார்ப்பவன். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு கணினிதான். அது ஒரு சிறிய கூட்டுறவுக் கழகத்தின் சேவையகம். முதல் நாள் மாலை இடி மின்னலுடன் மழை. மின்சாரம் போய்த் திரும்பியது. மறுநாள் காலை அது எழவில்லை. அன்று இலாப ஈவு கொடுக்கும் நாள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபின் புந்தோங் பக்கம் குடியேறிய முதியவர்கள் பலர் அலுவலகத்தில் காத்திருந்தனர்.

"தம்பி, என் காசு அதுக்குள்ளதானே இருக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

"பணம் வங்கியில் இருக்கு பாட்டி. கணக்குதான் இதுல இருக்கு," என்றேன். அது முழு ஆறுதல் அல்ல. கணக்கின் கடைசி நகல் மூன்று மாதப் பழையது.

திரையில், தொடங்குவதற்கு வட்டு இல்லை என்ற செய்தி. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா, அண்ணே?" என்றார் குமாஸ்தா. எனக்குப் பகீரென்றது. வட்டு கண்ணில் படவில்லை என்பதும் வட்டு கெட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. காதை வைத்துக் கேட்டேன். வட்டுகள் இரண்டும் சுழன்றுகொண்டிருந்தன. நினைவகத்தின் அளவும் சரியாக இருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றுமுன் அங்கிருந்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் தேதி கண்ணில் பட்டது. கணினி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி முதல் நாளில் நின்றுகொண்டிருந்தது!

தாய்ப்பலகையில் ஏறக்குறைய 20 சென் காசளவில் ஒரு மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது அதுவே. அளந்து பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்கூட இல்லை. இரவும் பகலும் இயங்கும் கணினியில் அது எப்போது தீர்ந்ததென்று யாருக்குத் தெரியும்? மின்சாரம் அறுந்ததும் அமைப்புகள் மறைந்தன. இரு வட்டுகளையும் ஓர் இணையாகக் கருத வேண்டும் என்ற கட்டளையும் அவற்றோடு போயிற்று.

சில ரிங்கிட் விலையுள்ள மின்கலத்தைப் பொருத்தி, அந்தக் கட்டளையை மீண்டும் இட்டேன். இயங்குதளம் எழுந்தது. உறுப்பினர் பட்டியல் திறந்தபோது மணி பதினொன்றரை. பாட்டியின் பெயர் நான்காம் பக்கத்தில் இருந்தது. குமாஸ்தா பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். நான் புதிய நகல் எடுக்க வெளிவட்டை இணைத்தேன்.