ஓர் அணிக்கு ஓர் அடுப்பு

பையன் முகாமுக்குப் புறப்படுகிறான் என்றால் தாயார்மார்களுக்குப் பாம்பைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவ்வளவு கவலை கிடையாது. சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை. ஆகவே முறுக்கு ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா என்று நிரப்பி, துணி மூட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்து அனுப்புவார்கள். சாரண ஆசிரியர் அவற்றையெல்லாம் வாங்கிப் பொதுவில் வைத்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் டப்பாவை அனுப்பியிருக்க மாட்டார்கள். சிலர் பையனையே அனுப்பியிருக்க மாட்டார்கள்.

1993-ம் வருஷம் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், ஒரு மாந்தோப்பில் நடந்த சாரணர் முகாமுக்கு நான் போயிருந்தேன். விழுப்புரத்துப் பையன்கள் ஒரு பஸ்ஸிலும் திண்டிவனத்துப் பையன்கள் ஒரு பஸ்ஸிலும் வந்து இறங்கினோம். இறங்கியதும் ஊர்வாரியாகக் கும்பல் கூடி நின்றோம். ஆசிரியர் ஊதலை ஊதி, எங்களைக் கலைத்து, எட்டெட்டுப் பேராக அணி பிரித்துவிட்டார். ஓர் அணிக்கு ஒரு கூடாரம், ஓர் அடுப்பு.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஊதல் சத்தம். கிணற்றடியில் குளியல். கொடி வணக்கம். பிறகு மூங்கிலும் கயிறும் கொடுத்து, ஆணி ஒன்றுகூட இல்லாமல் பாத்திரம் கவிழ்க்கப் பரண் கட்டச் சொல்வார்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறதல்லவா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் அங்கே கல்லில் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். எங்கள் பரணில் பொறித்து வைக்க ஒன்றுமில்லை; அது முதல் நாளே சாய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம்தான் விஷயம் ஆரம்பமாயிற்று. மதியம் பெய்த மழையில் விறகு நனைந்திருந்தது. நாங்கள் ஏழு பேரும் மாறி மாறி ஊதினோம். கண்ணீர் வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. எட்டாவது பையன் எழுந்து போய், ஒரு பனைமரத்தடியிலிருந்து பன்னாடையும் காய்ந்த ஓலையும் பொறுக்கி வந்தான். விறகின் ஈரப்பட்டையைச் சீவி எறிந்தான். ஒரே தீக்குச்சி; அடுப்பு பற்றிக்கொண்டது. அவன் செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகன். அம்மா சூளைக்குப் போனபின் தங்கைகளுக்குச் சோறு பொங்குவது அவன்தானாம். அன்றைய சோறும் சாம்பாரும் அவன் கைப்பக்குவம்.

அணியில் திண்டிவனத்து மளிகைக் கடைக்காரரின் மகன் ஒருவன் இருந்தான். தட்டை வைத்துக்கொண்டு, "நீ எந்தத் தெருடா?" என்று கேட்டான்.

"காலனி."

மளிகைக் கடைக்காரர் மகனுக்கு உடனே வயிற்றுவலி வந்துவிட்டது. சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டான். ஆசிரியர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைப் பட்டியல் படித்தபோது, சமையலுக்கு அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

அன்று காலை இராஜகிரி ஏறினோம். எண்ணூறு அடி உயரம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுத்தான் பிடிக்க முடிந்த கோட்டை அது. வெறும் வயிற்றோடு அதில் ஏறி இறங்கியவனுக்கு வயிற்றுவலி எங்கே நிற்கும்? மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்ததை அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டதோடு நிற்காமல், "உப்புப் போதாது, நான் அப்போதே சொன்னேன்!" என்று மற்றவனோடு சண்டைக்கும் போனான். அந்தச் சண்டையைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சோற்றைக் குறை சொல்லுகிறவன், அது தன்னுடைய சோறு என்று ஒப்புக்கொண்டுவிட்டான் என்றுதானே அர்த்தம்?

1907 ஆகஸ்டில் பேடன் பவல், பிரவுன்சீ தீவில் தம்முடைய முதல் முகாமை நடத்தியபோதும் இதைத்தான் செய்தார். சீமான் வீட்டுப் பள்ளிகளின் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஆனால் அதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1917-ல் அன்னி பெசன்ட் சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களைச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்தது என்ன?

தேசபக்தர் வ.வே.சு. அய்யர் 1922-ல் உயர்ந்த நோக்கத்தோடு ஆரம்பித்த குருகுலம் அது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்; உடற்பயிற்சியும் கைத்தொழிலும் கற்றார்கள். பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. அந்தத் தனிப்பந்தி தமிழ்நாட்டு அரசியலையே குலுக்கிவிட்டது. நம் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தவன். பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக அவனை அடித்தார்கள் என்று பெரியார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த காலத்தில்தான், 1947-ல், ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளின் பந்தியில் நடப்பது சின்ன விஷயம் என்று யார் சொல்ல முடியும்?

மூன்று நாள் முகாமில் ஊர் திருந்திவிட்டது என்று கதை கட்ட நான் தயாராக இல்லை. அடுத்த வருஷ முகாமில் சூளைக்காரர் மகனைப் பார்த்தபோது மளிகைக் கடையைப் பற்றி விசாரித்தேன்.

"சாமான் வாங்கப் போனால், 'உள்ளே வாடா' என்று கூப்பிடுகிறான். அவன் அப்பா கல்லாவில் இருந்தால் மட்டும் கூப்பிடமாட்டான்" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கல்லாவில் தகப்பனார் என்றைக்கும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இப்போது கோடை விடுமுறை முகாம்கள் பெருகிவிட்டன. மலையேற்றம், கயிற்றுப் பாலம், படகு எல்லாம் உண்டு. அனுப்பலாமா என்று நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள் என்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளச் சொல்கிறேன்: அங்கே அடுப்பு மூட்டுவது யார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது யார்?